வாயைப் பொத்தச் சொன்னவன்

கிளிநொச்சியில் கச்சேரிக்கு, அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு, கிட்ட ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் தட்டச்சு செய்வது என் வேலை. கடிதம் எழுதத் தெரியாதவர்களும், தெரிந்தாலும் அலுவலகத்துக்கு ஏற்ற மாதிரி எழுத வராதவர்களும் என் பக்கத்துக் கதிரையில் வந்திருந்து சொல்லுவார்கள். நான் கேட்டுக் கேட்டு அடிப்பேன். சொல்லுகிறவர் அழுதாலும், கோபத்தில் கத்தினாலும், பாதியில் மகளின் கலியாணக் கதைக்குள் நுழைந்துவிட்டாலும், தேவையானதை மட்டும் பிரித்தெடுத்து ஒரு பக்கத்துக்குள் அடக்கிக் கொடுப்பேன். இந்த வேலையில் என்னை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பெருமைக்குத்தான் சொல்லுகிறேன்.

அந்த வேலை ஒரு நாள் என் கையை விட்டுப் போகப் பார்த்தது.

வட்டக்கச்சியில் எங்கள் வயலுக்குக் கொஞ்சம் தள்ளி வயல் வைத்திருக்கிற ஒரு ஐயா வந்திருந்தார். பக்கத்துக் காணிக்காரன் வாய்க்கால் தண்ணீரை மறித்துவிட்டான் என்று நீர்ப்பாசன அலுவலகத்துக்கு முறைப்பாடு. அவர் சொன்னார், நான் அடித்தேன், அச்செடுத்துக் கொடுத்தேன். ஐயா கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர். வாசிக்காமலே மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார். கொப்பி எடுக்க வேண்டும் என்று கடைக்கார அன்ரி அதை வாங்கினா. எந்தக் கடதாசியையும் வாசிக்காமல் கொப்பி எடுக்கிற பழக்கம் அவாவுக்கு இல்லை. வாசித்தவா, என்னை உள்ளே கூப்பிட்டா.

"இதென்ன பிள்ளை? 'எனது பயிர் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளதுடன், பொய் சொல்லுறான் கிழவன், வரம்பை வெட்டினது இவன்தான், ஆகவே தயவுகூர்ந்து' எண்டு கிடக்கு."

நான் எட்டிப் பார்த்தேன். கிடந்ததுதான்.

"உண்மையாத்தான் இருக்கும்," என்றா அன்ரி. "அந்தாள் வரம்பு வெட்டுறது ஊருக்கே தெரியும். ஆனால் கச்சேரிப் பக்கம் உப்பிடி அனுப்பேலாது."

அன்ரி நல்ல மனுசி. என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. "அது கொஞ்சம் அடங்குமட்டும் நீ கொப்பி மெசினிலை நில்லு," என்று மட்டும் சொன்னா. அடுத்த நாளே கம்பஸில் படித்த ஒரு பெட்டை என் கதிரையில் வந்திருந்தாள். நான் மூடியைத் திறந்து கடதாசியை வைத்து மூடி, பச்சைப் பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்றேன். அந்தப் பெட்டை ஒரு பக்கக் கடிதத்தை மூன்று பக்கத்துக்கு இழுப்பதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

அன்ரி "அது" என்று சொன்னது எனக்குக் கேட்கிற குரலை. ஐயா சொன்னதோடு அது சொன்னதையும் சேர்த்து அடித்துவிட்டேன். எனக்கு ஸ்கிட்சோஃப்ரினியா. ஊரில் அதற்கு இவ்வளவு நீளமான பெயர் தேவையில்லை, விசர் என்பார்கள். பல வருடங்களாக மாதத்துக்கு ஒருக்கால் கிளினிக்குக்குப் போய் ஊசி போடுகிறேன், குளிசை எடுக்கிறேன். முந்தி மூன்று பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து இரண்டு பேரைக் கலைத்துவிட்டது. மிஞ்சினவன் ஒருவன். ஆம்பிளைக் குரல், நடுத்தர வயது, அதிகாரம் பண்ணிப் பழகின தொண்டை. நான் செய்கிறதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவான். "இப்ப தேத்தண்ணி ஊத்தப் போறா. சீனி போடப் போறா. பார், பார், சிந்தப் போறா." நான் யாருடனும் வாய் திறக்க வெளிக்கிட்டால் உடனே சொல்லுவான், "வாயைப் பொத்து."

அவன் யார் என்று கேட்காத ஆட்கள் இல்லை. செத்துப்போன சொந்தக்காரரா, அப்பாவா, முள்ளிவாய்க்காலில் கூட வந்தவரா? இல்லை. எனக்குத் தெரிந்த எவருடைய குரலும் இல்லை. செத்தவர்கள் என்னோடு கதைப்பதென்றால் நான் ஏன் மருந்து எடுக்கப் போகிறேன்? கதிரை போட்டு உட்கார வைத்துக் கேட்டிருப்பேன். இவன் எனக்குத் துப்பரவாகத் தெரியாதவன்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. என்னைப் பேட்டி காண வந்த ஒரு பெண், "யுத்தம்தான் உங்கள் தலைக்குள் பேசுகிறது, இல்லையா?" என்று கண் கலங்கக் கேட்டாள். இல்லை அம்மா என்றேன். என் பெரியப்பா ஒருவர், ஊரில் ஒரு செல்லோ குண்டோ விழாத காலத்திலேயே மாமரத்தோடு சண்டை பிடித்துக்கொண்டு திரிந்தவர். இது எங்கள் குடும்பத்தில் ஓடுகிற வருத்தம், நோய். சிலருக்குச் சீனி வருத்தம் ஓடுகிற மாதிரி. யுத்தம் அதை நல்லதாக்கியிருக்காது, அது வேறு கதை. எங்கள் பக்கத்து ஆட்களில் நல்ல மனம் உள்ளவர்கள், "பாவம், அவளுக்குத் தலையிலை செல் பட்டது, அதுதான்" என்று சொல்லுவார்கள். அது மரியாதையான காரணம். எனக்கு அந்த மரியாதை வேண்டாம். என் வருத்தத்துக்கு வெட்கப்பட வேண்டியவள் நான் இல்லை.

செல் பட்டது உண்மை. இடது காதுக்குப் பின்னால், மயிருக்குள், உளுந்திலும் சிறிய ஒரு துண்டு தோலுக்குக் கீழே கிடந்தது. எங்கள் பக்கத்தில் இது பேசப்படுகிற விசயமே இல்லை. பீஸ் என்போம். ஒருவருக்கு முதுகில், ஒருவருக்குத் தொடையில். மழைக்காலத்தில் கொஞ்சம் குத்தும். முகாமில் பார்த்த டொக்டர், "கிடக்கிறது கிடக்கட்டும்" என்றார். கிடந்தது.

ஆனால் அதை ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்பது அக்காவின் சட்டம். அக்கா என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவா, அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவா. அந்த நாட்களில் காயம் இருக்கிற இளம்பெட்டை என்றால் இயக்கத்தில் இருந்தவளோ என்று ஆமிக்காரர் எந்த வரிசையிலும் தனியாகக் கூப்பிடுவார்கள். எங்கே பட்டது, எப்படிப் பட்டது, நீ அங்கே என்ன செய்தாய்? ஆகவே அக்கா எனக்குச் சொல்லித் தந்தா: யார் கேட்டாலும் காயம் இல்லை. தழும்பைக் கண்டுபிடித்தால், கிணற்றடியில் விழுந்தது. இரண்டு பேரும் இதைப் பாடமாக்கி வைத்திருந்தோம். என் கிளினிக் புத்தகத்தில்கூட அப்படித்தான் எழுதியிருந்தது, கிணற்றடியில் விழுந்ததென்று.

கொப்பி மெசினில் நின்ற காலத்தில் ஒரு கிளினிக் நாள். எங்கள் டொக்டர் இளம் ஆள், எங்களுடைய தமிழில் கதைக்கக்கூடியவா. நான் நேரடியாகக் கேட்டேன்.

"டொக்டர், இவன் போகவே மாட்டானோ? எனக்கு என்ரை கதிரை வேணும்."

அவா ஒரு கடதாசியில் தலை ஒன்றைக் கீறினா. இடது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால், ஒரு வட்டம் போட்டா. மற்றவர்கள் கதைப்பதைக் கேட்கும்போது வேலை செய்கிற இடம் இதற்குள் இருக்கிறது என்றா. உங்களுக்கு யாரும் கதைக்காதபோதும் அது வேலை செய்கிறது. கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு இயந்திரம் இருக்கிறது. வெளியிலிருந்தே காந்தத்தால் அந்த இடத்தை மெல்ல மெல்லத் தட்டுவார்கள். மயக்க மருந்து இல்லை, வெட்டுக்கொத்து இல்லை. தட்டத் தட்ட அந்த இடத்தின் துள்ளல் குறையலாம்.

நான் பாதிதான் கேட்டேன். மற்றப் பாதியில் வேறொன்று தலைக்குள் ஓடியது.

"அப்ப எனக்குக் கேக்கிறது பொய்யில்லையோ?"

"நீங்கள் கேக்கிறது உண்மை," என்றா டொக்டர். "கதைக்கிறதுக்குத்தான் ஆளில்லை."

இத்தனை வருடமாக எத்தனை பேர் எனக்கு "ஒண்டும் இல்லை, எல்லாம் உன்ரை நினைப்பு" என்று சொல்லியிருப்பார்கள்! அக்கா சொன்னா. கோயில் ஐயர் சொன்னார். கையில் நூல் கட்டினவர் சொன்னார். படித்தவர்களும் சொன்னார்கள். ஒருத்தி வட்டம் கீறிக் காட்டி, கேட்கிறதுதான் என்று சொல்ல எனக்கு இத்தனை காலம் எடுத்தது. எனக்குக் கோபம் வந்தது. அதே நேரம் டொக்டரின் கையைப் பிடித்துக் கொஞ்ச வேண்டும் போலவும் இருந்தது.

அவா பொய் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு ஒரு மாற்றமும் இல்லை, குறைந்தவர்களுக்கும் சில மாதங்களில் திரும்பி வரலாம், மருந்தை விடக்கூடாது என்றெல்லாம் சொன்னா. நான் கடிதம் தரச் சொன்னேன்.

வீட்டில் அக்கா ஒரே பிடியாக நின்றா.

"கரண்ட் வைக்கப் போறாங்களோ? நான் விடமாட்டன்."

"கரண்ட் இல்லை. காந்தம்."

"காந்தமோ! உள்ளதும் கெட்டு நீ படுத்த படுக்கையாக் கிடந்தால் ஆர் பாக்கிறது?"

"நீதான் பாப்பாய். இப்பவும் நீதானே பாக்கிறாய்."

அத்தான் கோயில் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுக்கிறவர். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "ஸ்பீக்கருக்குள்ளையும் காந்தம்தான் கிடக்கு. அது சத்தத்தைக் கூட்டும். உது குறைக்குமோ?" என்று கேட்டார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தா. அதற்குப் பிறகு அவர் கறியைப் பற்றி மட்டும் கதைத்தார். கடைசியில், அக்காவும் கூட வருவது என்ற பேச்சோடு வழக்குத் தீர்ந்தது.

கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஒரு தாதி, மிசி என்போம், எங்களை இருத்தி வைத்துக் கேள்விகள் கேட்டா. வலிப்பு வருகிறதா, பிள்ளை தங்கியிருக்கிறதா, என்ன மருந்து எடுக்கிறீர்கள். பிறகு, "தலையிலோ கழுத்திலோ ஏதாவது உலோகம் இருக்கா? ஒப்பரேசன் செய்து தகடு, கம்பி, அப்படி ஏதாவது?"

"ஒண்டும் இல்லை," என்றா அக்கா.

கேள்வி முடிய முன்னமே பதில் வந்துவிட்டது. நானும் தலையை ஆட்டினேன். பொய் சொல்லுகிறோம் என்ற எண்ணம் இரண்டு பேருக்குமே இல்லை. உலோகம் என்றால் எங்களுக்குத் தகடு, கம்பி, ஆஸ்பத்திரிக்காரர் வைத்துத் தைத்தது. பீஸ் என்பது உடம்பில் மச்சம் கிடக்கிற மாதிரிக் கிடக்கிறது. அதுவும் போக, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் உடம்பைப் பற்றிக் கேட்டால் இல்லை என்று சொல்வதுதான் எங்களுக்குப் பழகின பதில்.

உள்ளே ஒரு பெரிய கதிரை, பல்லுப் பிடுங்குகிற இடத்தில் இருப்பது போல. சிங்கள டொக்டர், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். எட்டு என்ற இலக்கம் போல வளைந்த ஒரு பொருளைக் கையில் எடுத்து, பயப்படவேண்டாம் என்று தன் முழங்கையில் வைத்து அமுக்கிக் காட்டினார். டக் என்றது. அவருடைய விரல்கள் தாமாகத் துள்ளின. நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

மிசி வந்து என் தோட்டைக் கழற்றச் சொன்னா. பிறகு தலைமயிரில் குத்தியிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டா.

"இதேன் மிசி?"

"இரும்பு ஒன்றும் தலையில் இருக்கக்கூடாது. காந்தம் இழுக்கும். சூடாகும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கிளிப்பே இருக்கக்கூடாதென்றால், தோலுக்குள் இருக்கிறது? அதுவும் அவர்கள் வைக்கப் போகிற அந்தப் பக்கத்திலேயே? நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அக்காவுக்கும் உறைத்திருந்தது, முகம் வெளுத்துப்போய் நின்றா. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போகச் சொல்லுவார்கள். என் கதிரையில் அந்தப் பெட்டையே இருக்க, நான் சாகுமட்டும் பச்சைப் பொத்தான் அமுக்க வேண்டியதுதான். சொல்லாவிட்டால்? சின்னத் துண்டு. ஒன்றும் நடக்காமலும் போகலாம்.

"வாயைப் பொத்து," என்றான் அவன், உள்ளுக்குள்ளிருந்து.

அதே நேரம் அக்கா கிட்ட வந்து என் தோளை அமுக்கி, காதுக்குள் சொன்னா, "வாயைப் பொத்து."

இரண்டு பேரும் ஒரே சொல்! அவனுக்குக் கீழ்ப்படியாமல் இருக்க ஒவ்வொரு நாளும் நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். அவனைக் கலைக்க வந்த இடத்தில், அவன் சொல்லைக் கேட்டுக்கொண்டு இந்தக் கதிரையில் இருக்கிறதா? அப்படியென்றால் எனக்கு எதற்கு வைத்தியம்?

"நிப்பாட்டுங்கோ," என்றேன். பக்கத்து அறைக்குக் கேட்கும்படி கத்தியிருக்கிறேன். "எனக்குத் தலையிலை செல் துண்டு கிடக்கு. இஞ்சை, இந்தக் காதுக்குப் பின்னாலை."

டொக்டர் கையில் இருந்ததை அப்படியே கீழே வைத்தார். எக்ஸ்றே எடுத்தார்கள். படத்தில் என் மண்டை சாம்பல் நிறமாகவும், காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வெள்ளையாகவும் தெரிந்தன. மண்டை ஓட்டுக்கு வெளியேதான், ஆனால் இதோடு செய்ய முடியாது என்றார். சொன்னது நல்லது என்றும் பாராட்டினார். அந்தப் பாராட்டை வைத்து நான் என்ன செய்வது? படத்தைச் சுருட்டிக்கொண்டு ரயில் ஏறினோம்.

வழியெல்லாம் அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தா. மதவாச்சி தாண்டின பிறகுதான் வாய் திறந்தா.

"எனக்குத் தெரியாமல் வாயிலை வந்திட்டுது. ஆர் கேட்டாலும் எனக்கு அப்பிடித்தான் வருது. உன்னைக் கூட்டிக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு."

"இப்ப ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகேல்லை, அக்கா. ஆஸ்பத்திரிக்காரர்தானே."

"தெரியும்," என்றா. சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. அக்காவோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாமல் போய்விட்டது. ஆனால் மற்றவனோடு பிடிக்கலாம். அவன் அன்று முழுக்க வெற்றிபெற்றவன் மாதிரிக் கதைத்துக்கொண்டு வந்தான். "போச்சு, போச்சு. இனி என்ன செய்வா? ஒண்டும் செய்யமாட்டா."

அடுத்த நாள் மத்தியானம் அத்தானின் சாமான் கொட்டிலுக்குள் போனேன். எரிந்துபோன பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கழற்றி அவர் சுவர் ஓரமாக வைத்திருப்பார். ஆணி, நட்டு எல்லாம் தொலையாமல் இருக்க அதில்தான் ஒட்டி விடுவார். நான் அவற்றைத் தட்டிக் கொட்டிவிட்டு, காந்தத்தைத் தூக்கி வந்து விறாந்தையில் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் இருந்துகொண்டேன். செய்யக்கூடாத வேலைதான். யாரும் என்னைப் பார்த்துச் செய்ய வேண்டாம். ஆனால் எனக்கு அறிய வேண்டியிருந்தது.

காதுக்குப் பின்னால் மெல்லக் கிட்டக் கொண்டுபோனேன். தோல் கூடாரம் மாதிரி எழும்பியது. வெடுக்கென்று ஒரு நோவு. காந்தத்தை விலக்கினேன், இறங்கியது. கிட்டக் கொண்டுபோனேன், திரும்ப எழும்பியது.

"அத்தான், ஓடியாங்கோ! வருது, வருது!"

அத்தான் ஓடி வந்தார், அக்கா கையில் அகப்பையோடு ஓடி வந்தா. அத்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அக்கா காந்தத்தைப் பிடுங்கி வேலிப்பக்கம் எறியப் பார்த்தா, பாரம் தாங்காமல் காலடியில் போட்டா.

"உனக்கு உண்மையாவே விசர்தான்!"

"ஓம்," என்றேன். "அதுக்குத்தானே வைத்தியம் செய்யக் கேக்கிறன். இது சுத்த இரும்பு, அக்கா. தோலுக்குக் கீழைதான் கிடக்கு. எடுக்கலாம்."

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டொக்டரிடம் படத்தைக் கொடுத்தேன். அவர் அப்படியும் இப்படியும் பிடித்துப் பார்த்துவிட்டு, நான் எதிர்பார்த்ததையே சொன்னார்.

"இதோடை எத்தினை சனம் திரியுது தங்கச்சி. சும்மா கிடக்கிறதை ஏன் நோண்டுவான்?"

"அது சும்மா கிடக்கேல்லை டொக்டர். என்ரை வைத்தியத்தை மறிச்சுக்கொண்டு கிடக்கு."

"பிறகு பாப்பம்."

"பிறகு எண்டால் எப்ப? நாளைக்கும் வருவன், நாளையிண்டைக்கும் வருவன். உங்கடை அறைக்கு வெளியிலை கிடக்கிற வாங்கிலை குந்தியிருப்பன். எனக்குக் குரல் கேக்கிறது. நான் சத்தமாத் திருப்பிக் கதைப்பன். மற்ற நோயாளியளுக்கு அது நல்லதில்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெருட்டுகிறேனா, உண்மையைச் சொல்லுகிறேனா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான். விரலால் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். துண்டு விரலுக்குக் கீழே உருண்டது. "சரி," என்றார்.

விறைக்கிற ஊசி போட்டு எடுத்தார்கள். நோகவில்லை, இழுக்கிறது மட்டும் தெரிந்தது. தட்டில் டிங் என்று விழுந்தது. இவ்வளவுதானா? எத்தனை வரிசையில் இதை மயிரால் மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்! டொக்டர் ஒரு துண்டுப் பஞ்சில் சுற்றித் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அத்தான் அதை வாங்கித் தன் காந்தத்துக்குக் காட்டினார். டக்கென்று போய் ஒட்டியது. ஆணிகளோடும் நட்டுகளோடும் அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

காயம் ஆறிய பிறகு மறுபடி கொழும்பு. அதே மிசி, அதே கேள்வி. "தலையிலோ கழுத்திலோ உலோகம் இருக்கா?"

நான் வாய் திறக்க முதல் அக்கா எழும்பி என் பின்னால் வந்து நின்றா. என் மயிரைத் தன் கையால் விலக்கினா.

"செல் துண்டு கிடந்தது மிசி. எடுத்தாச்சு. இஞ்சை பாருங்கோ, தையல்." விலக்கின மயிரை அக்கா, மிசி வடிவாகப் பார்த்து முடியுமட்டும் விடவில்லை.

சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் போனேன், சில வாரங்கள். காதுக்குள் பஞ்சு போன்ற ஒன்றை அடைத்துவிட்டு, அந்த எட்டை வைப்பார்கள். டக். டக். டக். சிரட்டையை விரலால் சுண்டுகிற மாதிரி, அவசரமில்லாமல். தாடை சில வேளை தானாகத் துடிக்கும். முதல் நாட்களில் தலையிடி இருந்தது. அவனுக்கோ கொண்டாட்டம். "பார், தலையைத் தட்டுறாங்கள். கல்லுத் தலை. தட்டித் தட்டிக் களைக்கப் போறாங்கள்." அக்கா கேட்பா, "எப்பிடி?" நான் சொல்லுவேன், "அப்பிடியே இருக்கு." ஒரு கிழமை போனது. இரண்டாவதிலும் பாதி போனது. அக்கா கேட்பதை நிறுத்திவிட்டா. நான் போவதை நிறுத்தவில்லை.

ஒரு நாள் காலை, சொந்தக்காரர் வீட்டு மண்டபத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். குசினியில் அக்கா தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. கரக் கரக் என்று, நின்று நின்று. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே மடித்தேன். பிறகுதான் கவனித்தேன், அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "இப்ப உடுப்பு மடிக்கிறா" என்று ஒருவரும் சொல்லவில்லை. கையில் இருந்த சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அக்கா பயந்துபோய் ஓடி வந்தா.

"நீ துருவு," என்றேன். "நிப்பாட்டாதை. துருவு."

அவன் போய்விடவில்லை. பின்னேரமே வந்தான். ஆனால் தூரத்தில், பக்கத்து வளவில் யாரோ வானொலியைப் போட்டுவிட்டு மறந்துபோன மாதிரி. உற்றுக் கேட்டால்தான் சொல் பிடிபடும், உற்றுக் கேட்க எனக்கு நேரமில்லை. ஊருக்கு வந்ததும், "சுகமோ? முழுக்கப் போயிட்டுதோ?" என்று வேலிக்கு மேலால் கேட்டார்கள். குறைந்திருக்கிறது என்றேன். அவர்களுக்கு அது போதவில்லை. ஒன்றில் அற்புதம் நடந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழும்புக்காரன் ஏமாற்றியிருக்க வேண்டும். நான் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. ஊசியும் போடுகிறேன், குளிசையும் எடுக்கிறேன். திரும்பக் கூடினால் திரும்பப் போவேன். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியை மாற்றுவதில்லையா?

கடைக்குப் போனேன். அந்தப் பெட்டைக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருந்தது, கதிரை காலி. அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தா. "ஒரு கடிதம் அடிச்சுக் காட்டு," என்றா. "நான் பக்கத்திலைதான் நிப்பன்."

வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ஐயா. இந்த முறையும் கண்ணாடி இல்லை, இந்த முறையும் வாய்க்கால்தான். பக்கத்தில் இருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். நான் அடித்தேன். பாதி தாண்டும்போது, எங்கோ தூரத்தில் அவன் முணுமுணுத்தான். வார்த்தை பிடிபட்டது. பழைய வார்த்தை. "வாயைப் பொத்து."

"நீ பொத்தடா," என்றேன்.

சத்தமாகவே வந்துவிட்டது. கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் அன்ரி அசையாமல் நின்றா. வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா சொல்லுவதை நிறுத்திவிட்டு என்னை முழித்துப் பார்த்தார்.

"என்னையோ பிள்ளை?"

முந்தியென்றால் நான் கிணற்றடி மாதிரி ஏதாவது சொல்லியிருப்பேன். போனில் கதைத்தேன், நாயைக் கலைத்தேன்.

"இல்லை ஐயா. எனக்குத் தலைக்குள்ளை ஒருத்தன்ரை குரல் கேக்கிறது. வருத்தம். வைத்தியம் செய்யிறன். அவனுக்குத்தான் சொன்னனான். நீங்கள் சொல்லுங்கோ."

ஐயா வெளியே கச்சேரிப் பக்கம் பார்த்தார், நேரம் போய்க்கொண்டிருந்தது.

"அவனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு பிள்ளை," என்றார். "நான்தான் முதல் வந்தது."

விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நான் அடித்து முடித்து, அச்செடுத்து, அன்ரியிடம் நீட்டினேன். அன்ரி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, விரல் வைத்து, நின்ற நிலையிலேயே வாசித்தா. பிறகு கொப்பி எடுக்கப் போனா. நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.